சின்னப் பெயர் வந்தால் விழுகிற சர்வர்

10 மார்ச் 2025, திங்கள்

பெயர் பொருத்தும் சேவை இன்றும் விழுந்தது. ஒரே ஆளின் பெயரைத் தமிழில் ஒரு மாதிரி, சிங்களத்தில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் இன்னும் பல மாதிரி எழுதுகிற நாடு இது. அவற்றையெல்லாம் ஒரே ஆளாகச் சேர்ப்பதுதான் இந்த நிரலின் வேலை. பெரும்பகுதி பைதன், எழுத்துகளைச் சீராக்கும் பகுதி மட்டும் வேகத்துக்காக சி மொழியில் எழுதப்பட்டது. பழைய சர்வரில் வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் ஓடியது. பைதன் 3.12க்கு மாற்றிய பிறகுதான் இந்தத் தொல்லை.

ஒரே மாதிரி விழுந்தாலாவது பரவாயில்லை. ஒரு தடவை 'ஃப்ரீ: இன்வாலிட் பாயின்டர்' என்கிறது, அதாவது திருப்பி விடும் நினைவக முகவரி செல்லாதாம். அடுத்த தடவை 'மன்மேப் சங்க்: இன்வாலிட் பாயின்டர்'. சில வேளை ஒரு பிழைச்செய்தியும் இல்லாமல், சம்பந்தமே இல்லாத ஒரு டிக்ஷனரி பெரிதாகும் இடத்தில் செத்துக் கிடக்கிறது. அங்கே போய்த் தோண்டிப் பிரயோசனமில்லை. நினைவகம் கெட்ட இடம் ஒன்று, அகப்படுகிற இடம் வேறொன்று.

11 மார்ச், செவ்வாய்

லொக் கோப்புகளை வரிசையாகப் படித்தேன். விழுந்தபோதெல்லாம் கையில் இருந்தது ஒரு தனிப் பெயர். நீளமான பந்திகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பரிசோதனைக்கு வைத்திருந்ததோ பத்திரிகைப் பந்திகள் மட்டும். அதுதான் எல்லாச் சோதனையும் பச்சையாகவே, தேறியதாகவே இருந்திருக்கிறது.

சின்னது விழும், பெரியது விழாது என்றவுடன் எனக்கு 512 ஞாபகம் வந்தது. பைதன் நினைவகம் ஒதுக்குகிற முறை மாறுகிற பைட் எல்லை அது. இரவு 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டும் அதே யோசனை.

13 மார்ச், வியாழன், போயா (பௌர்ணமி)

விடுமுறை. வெள்ளவத்தை அறையில் ஃபேன் சுற்றியும் வியர்க்கிறது. தேத்தண்ணியோடு காலையிலேயே உட்கார்ந்தாயிற்று.

512 பைட் வரையான கோரிக்கைகளுக்கு பைதன் தன் சொந்த ஒதுக்கியை, அதாவது நினைவகத்தில் இடம் பிரித்துத் தருகிற பகுதியை, பயன்படுத்தும். அதன் பெயர் பைமாலொக். பெரிய துண்டுகளாக இடத்தை முன்கூட்டியே வாங்கி, உள்ளே தானே பிரித்துக் கொடுக்கும். 512ஐத் தாண்டினால்தான் சி நூலகத்தின் சொந்த ஒதுக்கியான மாலொக்கிடம் போகும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'சிவா' என்பதில் இரண்டு எழுத்து, இரண்டு துணைக்குறி என நான்கு குறியீடு, ஆக 12 பைட். 170 குறியீடு வரைக்கும், சரம் முடிந்ததைக் காட்டும் கடைசிப் பூச்சியத்தையும் சேர்த்து, பைமாலொக்கின் பக்கம்தான். மனிதர் பெயர் எதுவும் அந்த எல்லையைத் தாண்டாது. பத்திரிகைப் பந்தி எப்போதும் தாண்டும்.

சி பகுதியைத் திறந்தால் விடை அப்படியே கிடக்கிறது. இடத்தைப் பைதனின் பைமெம்_மாலொக்கில் வாங்கி, சி நூலகத்தின் வெறும் ஃப்ரீயில் திருப்பி விட்டிருக்கிறார்கள். இரண்டு கடையில் தனித்தனிக் கொப்பி. ஒன்றில் எழுதிய கடனை மற்றதில் வெட்டுகிற வேலை. பந்திக்கு மட்டும் இரண்டும் ஒரே கடையாக அமைந்துவிடுகிறது.

எழுதியவரைத் திட்ட முடியாது. கோப்பில் இருக்கிற திகதி பைதன் 3.6க்கு முந்தியது. அப்போதெல்லாம் பைமெம்_மாலொக் நேரே மாலொக்கைத்தான் கூப்பிடும், எனவே கலந்து எழுதினாலும் தப்பித்துவிடலாம். 2016 டிசம்பரில் வந்த 3.6இல்தான் அது பைமாலொக்குக்கு மாறியது.

பிழைச்செய்தி மாறி மாறி வந்ததற்கும் காரணம் இதுவே. ஃப்ரீ, தரப்பட்ட முகவரிக்கு முந்திய 8 பைட்டில் அளவு எழுதியிருக்கும் என்று நம்பி வாசிக்கும். பைமாலொக் துண்டுகளுக்கு அப்படித் தலைப்பு இல்லை; அங்கே இருப்பது பக்கத்துத் துண்டின் வால். அதில் பூச்சியம் கிடந்தால் ஒரு செய்தி, குறித்த ஒரு பிட் எழும்பியிருந்தால் இன்னொரு செய்தி. தற்செயலாக நியாயமான அளவு போலத் தெரிந்தால் பேசாமல் வாங்கி வைத்துக்கொள்ளும். டிக்ஷனரியில் செத்தது அந்த வகை.

உறுதிப்படுத்த, எந்த ஒதுக்கி என்று பைதனுக்குச் சொல்கிற பைதன்மாலொக் சூழல் மாறியை, பிழை தேடும் 'டிபக்' முறைக்கு வைத்து ஓட்டினேன். இப்போது பந்தியும் விழுகிறது, அதுவும் முதல் ஃப்ரீயிலேயே! டிபக் முறையில் ஒவ்வொரு துண்டுக்கு முன்னாலும் 16 பைட் தலைப்பு வருவதால், பெரிய துண்டின் முகவரிகூட மாலொக் கொடுத்த முகவரியாக இருக்காது. பிழைதேடும் கருவியான ஜிடிபியில் அந்த இடத்தைப் பார்த்தால் 'எம்' என்ற எழுத்து, தொடர்ந்து ஏழு எஃப்டி என்ற காவல் பைட். 'எம்' என்றால் பைமெம் வழியாக வாங்கியது. கையும் களவுமாகப் பிடிபட்டது.

14 மார்ச், வெள்ளி

அலுவலகத்தில் எங்கள் குழுத்தலைவர் அண்ணை வேறொரு வழி சொன்னார். "தம்பி, அந்த மாறியை மாலொக் எண்டு வச்சா ஓடுதுதானே? பிறகென்ன?"

"ஓடும் அண்ணை, எல்லாமே மாலொக்கிட்ட போகும். ஆனா பிழை உள்ளுக்கேயே கிடக்கும். நாளைக்கு ஆரும் அந்த மாறியை வைக்க மறந்தா திரும்ப விழும்."

அந்த மாறியை மருந்தாக வைப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. நோயைக் கண்டுபிடிக்கத்தான் அது. ஃப்ரீக்குப் பதில் பைமெம்_ஃப்ரீ போட வேண்டிய இடங்கள் கைவிரலுக்குள் அடங்கும். மத்தியானத்துக்குள் மாற்றி முடித்தோம். ஒற்றை எழுத்துப் பெயர், வெற்றுச் சரம், 512க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்று புதிய சோதனைகளும் சேர்த்தேன்.

டிபக் முறையை எல்லாச் சோதனைக்கும் நிரந்தரமாகப் போட்டதும் இன்னொரு நூலகம் விழுந்தது. ஒரே நேரத்தில் ஓர் இழையை மட்டும் பைதனில் ஓடவிடுகிற ஜிஐஎல் பூட்டைப் பிடிக்காமல் ஒதுக்கியைக் கூப்பிடுகிறதாம். அண்ணை என்னைப் பார்த்தார். திங்கட்கிழமை பார்ப்போம் என்று மடிக்கணினியை மூடிவிட்டேன்.