மஸ்டா 3க்கு அகலமான ரிம்: அளந்து, ஏற்றி, ஓட்டிப் பார்த்த அனுபவம்

என்னிடம் இருப்பது 1.5 லிட்டர் எஞ்சின் கொண்ட மூன்றாம் தலைமுறை மஸ்டா 3. சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழில் பாதிக்கு மேல் ஓடிவிட்ட, எந்த மாற்றமும் செய்யப்படாத செடான். நிறுவனம் இதில் பொருத்தி அனுப்பியது 16 அங்குல ரிம்மும் 205/60 அளவு டயரும் (205 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம், 60 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது). ஈசூனிலிருந்து அலுவலகம் போய்வர அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பள்ளி விடுமுறைகளில் குடும்பத்தோடு ஈப்போ, பினாங்கு என்று போகும்போது, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் நீண்ட வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் டயரின் பக்கச்சுவர் மடங்கும், அதற்குப் பிறகுதான் கார் திரும்பும் என்கிற உணர்வு எனக்கு இருந்துகொண்டே இருந்தது. பழைய டயர்களும் தேய்ந்து மாற்றும் தருணத்துக்கு வந்திருந்ததால், அகலமான ரிம்மை முறையாகச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். சஸ்பென்ஷனைத் தாழ்த்துவதில்லை, ஃபெண்டர் (சக்கரத்தை மூடியிருக்கும் உடற்பகுதி) விளிம்பை மடிப்பதில்லை, காரை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாத எதையும் செய்வதில்லை என்பதை முதலிலேயே வரையறுத்துக்கொண்டேன்.

சிங்கப்பூரில் இந்த வரையறைக்குச் சட்டமும் ஒரு காரணம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளின்படி ரிம்மும் டயரும் ஃபெண்டருக்கு வெளியே துருத்தக் கூடாது. மூன்றாண்டு நிறைந்த கார் இரண்டாண்டுக்கு ஒருமுறையும், பத்தாண்டைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போயாக வேண்டும் என்பதால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயரோடு நெடுநாள் ஒளிந்து திரிய முடியாது. அப்படி முடிந்தாலும், மழையில் பக்கத்துக் கண்ணாடி முழுக்க சேற்று நீரை வாரி அடிக்கும் கார் எனக்கு வேண்டியதில்லை.

மாற்ற முடியாத எண்களை முதலில் எழுதிவைத்தேன். ஐந்து போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீட்டர், நடுத்துளை 67.1, நட்டுகள் 12க்கு 1.5 மரை. அசல் ரிம்மின் அகலம் 6.5 அங்குலம், ஆஃப்செட் 50. இந்த ஆஃப்செட் என்பதைத்தான் பலரும் பாதி புரிந்துகொண்டு விடுகிறார்கள். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் (காரில் சக்கரம் பொருந்தும் மையப் பகுதியில்) போய் ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் இருக்கிறது என்பதே அந்த எண். ஆகவே எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். அகலத்தைக் கூட்டும்போது இருபக்கமும் பாதிப் பாதியாகக் கூடுவதால், இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

7.5 அங்குல ரிம் 45 ஆஃப்செட்டில் அசலைவிட வெளிப்பக்கம் ஏறத்தாழ 18 மில்லிமீட்டரும் உள்பக்கம் 8 மில்லிமீட்டரும் நகரும். 8 அங்குல ரிம் அதே 45 ஆஃப்செட்டில் வெளியே 24, உள்ளே 14. அதையே 35 ஆஃப்செட்டுக்கு மாற்றினால் வெளியே 34, உள்ளே வெறும் 4. இவை ரிம்மின் கணக்கு மட்டுமே. டயரின் கணக்கு வேறு. அசல் 205/60 டயர் தன் குறுகிய ரிம்மைவிட நன்றாகப் புடைத்து நிற்பதால், டயரின் வெளிப்புடைப்பை ஒப்பிட்டால் வித்தியாசம் இதைவிடக் குறைவாகவே வரும். இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்கள் பெரும்பாலும் ரிம்மைச் சொல்லிவிட்டு டயரின் வடிவத்தை விட்டுவிடுகின்றன.

அதனால் வீட்டிலேயே அளந்தேன். எங்கள் புளோக்கின் பல மாடி கார் நிறுத்துமிடத்தில் சமதளமான ஓர் இடத்தில் காரை நிறுத்தி, ஃபெண்டர் விளிம்பிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தூக்குக்குண்டு போலத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் புடைப்புக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறித்துக்கொண்டேன். முன்பக்கம் சுமார் 20 மில்லிமீட்டர், பின்பக்கம் 24. உள்பக்கம் ஸ்ட்ரட் (சஸ்பென்ஷனின் தூண் போன்ற பகுதி) வரை உள்ள இடைவெளியை, அளவு தெரிந்த மரத்துண்டுகளைச் செருகிப் பார்த்தேன். அங்கே தாராளமாகவே இடம் இருந்தது.

பிறகு காக்கி புக்கிட்டில் ஒரு டயர் கடை. ரிம் வாங்குவதற்கு முன் ஒரு பக்கம் மாட்டிப் பார்க்க விடுவார்கள் என்று நண்பர் சொல்லித்தான் அங்கே போனேன். முதலில் அவர்கள் எடுத்துவந்தது 18 அங்குலம், 8 அகலம், 35 ஆஃப்செட், 225/45 டயர். மாட்டியதும் பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது, மறுக்க மாட்டேன். ஜொகூரிலிருந்து தினமும் வந்துபோகும் மெக்கானிக் தம்பி, நான் பையிலிருந்து நூலை எடுப்பதைப் பார்த்துச் சிரித்தார். “அண்ணே, நல்லாத்தானே நிக்குது, எதுக்கு நூலெல்லாம்?” என்றார். நூலைத் தொங்கவிட்டதும் முன்பக்கத்தில் டயர் அதைத் தொட்டுத் தள்ளியது. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், ஆனால் வெளியேதான். சட்டம் ஒருபுறமிருக்க, அசலைவிட ஆஃப்செட் 15 மில்லிமீட்டர் குறையும்போது டயரின் நடுக்கோடு ஸ்டியரிங் அச்சிலிருந்து அந்த அளவுக்கு வெளியே நகர்ந்துவிடும். அதன் பிறகு சாலையின் ஒவ்வொரு குழியும் பள்ளமும் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும். வீல் பேரிங்கின் மீது விழும் சுமையும் கூடும். அந்த ரிம்மைக் கடை வாசலைத் தாண்டவே விடவில்லை.

அடுத்தது அதே அகலம், அதே டயர், 45 ஆஃப்செட். நூலுக்கு உள்ளே 7 மில்லிமீட்டர் மிச்சம். உள்பக்கமும் இடைவெளி போதுமானது. கடையில் நின்று பார்ப்பவர் யாராக இருந்தாலும் இத்தோடு சோதனை முடிந்தது என்றுதான் சொல்வார். என் கருத்தில் உண்மையான சோதனை அங்கேதான் தொடங்குகிறது. ஏனென்றால் சமதளத்தில், வெறும் காரில், நேராக நிற்கும் சக்கரம் எதையும் உரசாது. உரசல் வருவது ஸ்டியரிங் முழுதும் திரும்பியிருக்கும்போது, அல்லது பின்சீட்டில் ஆளும் பூட்டில் சாமானும் இருந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது, அல்லது இரண்டும் ஒன்றுசேரும்போது.

கடைக்காரரிடம் முன்பணம் கட்டி நான்கையும் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சக்கர வளைவின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையில், முன்னும் பின்னும் மேலுமாகச் சில இடங்களில், பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசின் களிமண்ணை மெல்லிய பட்டைகளாக ஒட்டியிருந்தேன். டயர் நெருங்கினால் களிமண் நசுங்கும்; எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அதுதான் உண்மையான இடைவெளி. பூட்டில் தேக்காவில் வாங்கிய அரிசி மூட்டைகள், பின்சீட்டில் மைத்துனர் குடும்பம். கார் நிறுத்துமிடத்தின் சுழல் பாதையில் முழு வளைப்போடு ஏறி இறங்கினேன், வேகத்தடைகளில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றினேன், முழு வளைப்பில் பின்னோக்கியும் எடுத்தேன்.

முன்னோக்கிப் போனபோது ஒன்றுமில்லை. பின்னோக்கி எடுத்தபோது முன்பக்க இடது டயர் பம்பருக்குப் பின்னாலுள்ள உறையைத் தேய்க்கும் சத்தம் லேசாகக் கேட்டது. இறங்கிப் பார்த்தால் அந்த இடத்துக் களிமண் காகிதமாக நசுங்கி, அதில் டயர் தோளின் (தரையைத் தொடும் பகுதியும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பின்) கோடுகள் பதிந்திருந்தன. காரணம் எளிது. 225/45 ஆர்18 டயரின் விட்டம் 659.7 மில்லிமீட்டர், அசல் 652.4. அதாவது 1.1 சதவீதம்தான் அதிகம், ஆனால் டயர் 13 மில்லிமீட்டர் வெளியே நகர்ந்திருப்பதால் திரும்பும்போது அது வரையும் வட்டம் பெரிது, தோளும் அசலைவிடச் சதுரம். இந்த 1.1 சதவீதத்துக்கு வேகமானிக் கணக்கும் உண்டு: மானி 90 காட்டும்போது கார் முன்பைவிட ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேகமாகப் போகும். ஐ.நா. வேகமானி விதி 39இன்படி மானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. அதற்காக நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியே காட்ட விடுவதால் இது பெரிய சிக்கலாகாது. ஆனாலும் வித்தியாசம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

உறையைச் சூடுகாட்டி உள்ளே தள்ளிவிடலாம் என்றார் கடைக்காரர். பலர் அப்படிச் செய்கிறார்கள், தவறென்று சொல்ல மாட்டேன். என்னை நிறுத்தியது எடை. பெட்டி எடைபோடும் கொக்கித் தராசில் தூக்கிப் பார்த்தபோது, அசல் சக்கரம் டயரோடு 18 கிலோவுக்குச் சற்றுக் கீழே. இந்த 18 அங்குலம் 21ஐத் தாண்டியது. 1.5 லிட்டர் எஞ்சினுக்கு ஒவ்வொரு சக்கரத்திலும் மூன்று கிலோ என்பது விரைவுச்சாலையில் நுழையும்போது காலில் தெரிகிறது.

எனவே 17 அங்குலத்துக்கு இறங்கி, 7.5 அகலம், 45 ஆஃப்செட் எடுத்தேன். இங்கேதான் இந்தச் சோதனையில் நான் எதிர்பார்க்காத விஷயம் கிடைத்தது. முதலில் மாட்டியது 225/50 டயர். 18 அங்குலத்தில் இருந்ததும் 225தான், ரிம்மோ அரை அங்குலம் குறுகியது. ஆகவே உள்ளடங்கி நிற்கும் என்று யாரும் நினைப்பார்கள். நூல் காட்டியது நேர்மாறாக. மிச்சம் 7க்குப் பதில் 3 மில்லிமீட்டர்தான். டயரின் அகலம் ஒரு குறிப்பிட்ட அளவு ரிம்மில் வைத்து அளக்கப்படுகிறது. 225/45க்கு அந்த அளவு ரிம் 7.5 அங்குலம், 225/50க்கு 7 அங்குலம்தான். அந்த 7 அங்குலத்திலேயே அதன் அகலம் 233 மில்லிமீட்டர். ரிம் அரை அங்குலம் கூடினால் டயர் சுமார் 5 மில்லிமீட்டர் விரியும். ஆக, பக்கச்சுவரில் அச்சிட்ட எண் ஒன்றாக இருந்தும் இரண்டும் ஒரே அகல டயர்கள் அல்ல.

அதைக் கழற்றிவிட்டு 215/50 ஆர்17 மாட்டச் சொன்னேன். விட்டம் 646.8, அசலைவிட 0.9 சதவீதம் குறைவு. நூலுக்கு உள்ளே 6 மில்லிமீட்டர். அதே அரிசி மூட்டைகள், அதே ஆட்கள், அதே சுழல் பாதை. களிமண் ஓரிடத்திலும் முழுதாக நசுங்கவில்லை. எடை அசலைவிட ஒரு கிலோவுக்குள். டயர் 10 எண் மட்டுமே கூடியிருக்க, ரிம் முழுதாக ஓர் அங்குலம் அகன்றிருப்பதால் பக்கச்சுவர் நிமிர்ந்து நிற்கிறது. நான் தேடிய உறுதி சாலையைத் தொடும் ரப்பரின் அகலத்தைவிடப் பக்கச்சுவருக்குக் கிடைத்த இந்தத் தாங்கலிலிருந்துதான் பெரும்பாலும் வந்தது என்பது என் மதிப்பீடு. தீவு விரைவுச்சாலையில் பிற்பகல் இடிமழை கொட்டும்போது, அகலமான டயருக்கு நீரை விலக்கும் வேலை அதிகம், அது எளிதில் மிதக்கும் என்பதையும் வைத்துப் பார்த்தால், 235க்குப் போகும் ஆசை எனக்கு அறவே இல்லை.

பொருத்தும்போது கவனித்தவை சில உண்டு. இந்த ரிம்மின் நடுத்துளை 73.1, ஹப்போ 67.1. இடையே அலுமினிய ஹப் வளையம் போட்டேன், இல்லையென்றால் சக்கரம் நடுவில் உட்காராமல் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கிவிட்டு அனுப்பும் பழக்கத்தை ஒத்துக்கொள்ளாமல் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால்) இறுக்கச் சொன்னேன். மஸ்டா தரும் வரம்பு 108 முதல் 147 நியூட்டன் மீட்டர். 120இல் வைத்து, சற்று ஓடிய பிறகு மறுபடி சரிபார்த்தேன்.

காற்றழுத்தம் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை. அசல் டயரின் சுமைக் குறியீடு 92, அதாவது 630 கிலோ. நான் எடுத்தது 95, 690 கிலோ, ஆனால் எக்ஸ்எல் எனப்படும் கூடுதல் சுமை வகை. எக்ஸ்எல் டயர் அந்தச் சுமையை 290 கிலோபாஸ்கலில்தான் தாங்கும். சாதாரண டயர் தன்னுடையதை 250இல் தாங்கிவிடும். ஆகவே கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அதே அழுத்தத்தை வைத்தால் புதிய டயர் பழையதைவிடச் சற்றுக் குறைவாகவே தாங்கும். சுமார் 10 கிலோபாஸ்கல் கூட்டி வைத்தால் கணக்கு சமமாகிறது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வீல் அலைன்மென்ட் பார்த்து, காப்புறுதி நிறுவனத்துக்கு ரிம், டயர் அளவுகளை எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலைக் கோப்பில் போட்டாயிற்று. அடுத்து வந்த பரிசோதனையில் சைட் ஸ்லிப் (சக்கரம் பக்கவாட்டில் இழுக்கிறதா என்ற சோதனை), பிரேக் இரண்டிலும் கார் தேறியது. டயரைப் பற்றிக் கேள்வியே எழவில்லை. புதிய ரிம்மின் நட்டுத் துளைகள் குறுகலானவை. காரோடு வந்த ஸ்பேனர் அவற்றுக்குள் நுழையாது என்பதால், மெல்லிய சுவர் கொண்ட ஒரு சாக்கெட்டை வாங்கி ஸ்பேர் டயரோடு பூட்டில் போட்டு வைத்திருக்கிறேன்.