ஒடியல் மாவும் ஒரு துளி அயடீனும்

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகள் உயர்தர உயிரியல் கொப்பியோடு வந்திருந்தாள். "மாமா, மாப்பொருளில அல்பா பிணைப்பு, செலுலோசில பீற்றா பிணைப்பு எண்டு பாடமாக்கி வைச்சிருக்கிறன், ஆனா அது ஏன் முக்கியம் எண்டு விளங்கேல்லை" என்றாள். அந்த நேரம் குசினியில் அம்மா கூழுக்கு ஒடியல் மா, அதாவது காயவைத்த பனங்கிழங்கை இடித்த மா, ஊறப்போட்டிருந்தார். வளவு முழுக்கப் பனை நிற்கிற ஊரில் ஒரு பிள்ளை இதைப் பாடமாக்கித்தான் படிக்கவேண்டுமா என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை, அப்படியே அவளைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மா ஊறிய தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, காயத்துக்குப் பூசுகிற அயடீனில் ஒரு துளி விட்டோம். உடனே கருநீலம். அதே அயடீனைப் பஞ்சில் விட்டால் மண்ணிறம்தான், நீலம் வராது. காயத்துக்கு மருந்து போடும்போது எத்தனை தரம் பார்த்திருப்போம்! மாவில் இருப்பது மாப்பொருள், பஞ்சில் இருப்பது செலுலோசு. இத்தனைக்கும் இரண்டுமே குளுக்கோசுச் சங்கிலிகள்தான், ஒன்றின் முதலாம் காபனும் அடுத்ததன் நாலாம் காபனும் கோத்துக்கொண்டவை. அந்த முதலாம் காபனில் பிணைப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அல்பா என்றால் சங்கிலி சுருளும், சுருளுக்குள் அயடீன் போய் அடைபடும், நீலம் வரும். பீற்றா என்றால் குளுக்கோசுகள் ஒன்றுவிட்டொன்று தலைகீழாக நிற்க, சங்கிலி நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு ஐதரசன் பிணைப்பால் இறுகி நாராகிவிடும். எங்கள் எச்சிலில் இருக்கிற அமைலேசு என்கிற நொதியம், அதாவது பிணைப்பை வெட்டுகிற புரதம், அல்பாவை மட்டும்தான் வெட்டும். அதனால்தான் கிழங்கின் மா சாப்பாடு, அதன் தும்பு பல்லில் சிக்குகிற நார்.

"அப்ப மாடு ஓலையைத் திண்டு சீவிக்குதே?" என்றாள். சரியான கேள்வி. செலுலோசை வெட்டும் நொதியம் மாட்டிடமும் இல்லை, அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணங்கிகளிடம் இருக்கிறது.

கருப்பநீரும் இதே கதைதான். பனம்பாளையில் இருந்து வடிவது பெரும்பாலும் சுக்குரோசு. வெறும் முட்டியில் விட்டால் மதுவம் (ஈஸ்ட்) புகுந்து, நீரைச் சேர்த்து அதைக் குளுக்கோசு, புரக்டோசு என்று இரண்டாகப் பிரித்து, பிறகு அற்ககோலும் காபனீரொட்சைட்டுமாக ஆக்கிவிடும்: அதுதான் கள்ளு. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் காரத்தில் நுண்ணங்கிகள் பெருக மாட்டா, இனிப்பு இனிப்பாகவே நிற்கும், பனங்கட்டியும் காய்ச்சலாம். இந்த நொதிப்புக்கு உயிருள்ள மதுவமே வேண்டுமென்று நம்பியிருந்த காலத்தில், 1897 இல் ஜேர்மன் வேதியியலாளர் எடுவார்ட் புக்னர் மதுவத்தை அரைத்துப் பிழிந்த, கலமே இல்லாத சாற்றிலும் சீனி நொதிக்கிறது என்று காட்டினார். 1907 இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உயிருக்குள் நடப்பதும் வேதியியல்தான் என்பதை அவ்வளவு தெளிவாகக் காட்டிய பரிசோதனைகள் கொஞ்சம்தான் என்பேன்.

இதற்கிடையில் அம்மா கொதிக்கிற பானையில் நண்டைப் போட்டுவிட்டார். நீலம் பாய்ந்த ஓடு கண்முன்னாலேயே சிவந்தது. அந்தச் சிவப்பு நிறமி முதலிலேயே ஓட்டில் இருந்ததுதான். ஒரு புரதம் அதை இறுக்கிப் பிடித்து நீலமாகக் காட்டிக்கொண்டிருந்தது. சூட்டில் புரதத்தின் மடிப்புக் குலைய, பிடி விட்டுப்போகிறது.

"அப்ப இதுவும் வடிவம்தான்" என்றாள், நான் சொல்ல முன்னம். அம்மா கரைத்த மாவை ஊற்றத் தொடங்க, மாமணிகள் சூட்டில் தண்ணீரைக் குடித்து ஊதி, கூழ் மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டு வந்தது.