31 சதிகளும் ஒரு வங்கியும்

2007 மார்ச் 10 அன்று கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டனாமோவில், மூன்று ராணுவ அதிகாரிகள் முன்னால், செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டவர் என்று குற்றம் சாட்டப்பட்ட காலித் ஷேக் முகமதுவின் வாக்குமூலம் வாசிக்கப்பட்டது. வாசித்தவர் அவருக்கென ஒதுக்கப்பட்ட ராணுவப் பிரதிநிதி. சொற்கள் தன்னுடையவைதான் என்று முகமதுவும் ஒத்துக்கொண்டார். அறையில் வழக்கறிஞர் இல்லை, பத்திரிகையாளர் இல்லை. செப்டம்பர் 11 தாக்குதல் உட்பட 31 சதிகள் பட்டியலில் இருந்தன. நான்கு நாள் கழித்து பென்டகன் அதை வெளியிட்டதும், நம்பியவர்களைவிடச் சிரித்தவர்கள்தான் அதிகமோ என்று தோன்றியது.

சிரிப்புக்குக் காரணம் இருந்தது. தகர்க்கத் திட்டமிட்டதாகச் சொன்ன கட்டடங்களில் ஒன்று வாஷிங்டன் மாநிலத்தின் ‘பிளாசா வங்கி’. அந்தப் பெயரில் அங்கே வங்கி தொடங்கப்பட்டது 2006இல். முகமது ராவல்பிண்டியில் பிடிபட்டதோ 2003 மார்ச்சில். வேறு கட்டடத்தைப் பெயர் மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சரிபார்க்க வழியில்லை. அவர் மூன்றரை ஆண்டு சிஐஏயின் ரகசியச் சிறைகளில் இருந்தவர். பிடிபட்ட மாதத்திலேயே 183 முறை அவருக்கு நீரில் மூச்சுத்திணற வைக்கும் சித்திரவதை நடந்தது. அதை நிறுத்தப் பொய்த் தகவல்களைக் கொடுத்தேன் என்று பிறகு செஞ்சிலுவைச் சங்கத்திடம் அவரே சொன்னார்.

அதற்காக அவர் நிரபராதி என்று ஆகிவிடாது. 2002இல், சுதந்திரமாக இருந்தபோதே, கராச்சியில் அல் ஜசீராவின் யோஸ்ரி ஃபூதாவுக்குப் பேட்டி கொடுத்து செப்டம்பர் 11 சதியில் தன் பங்கை ஒப்புக்கொண்டவர் அவர். யாரும் அடிக்காமல் சொன்னது அது. என் கணக்கில் அந்தப் பேட்டிக்கு முன் 2007 வாக்குமூலம் நிற்காது.

ஒரு வாக்குமூலத்தை எடைபோட எத்தனை குற்றங்களை ஏற்றார் என்று எண்ணிப் பயனில்லை. விசாரித்தவருக்கு முன்பே தெரியாத எதையாவது சொன்னாரா, அது பிறகு வெளியே கிடைத்த தடயத்தோடு பொருந்தியதா என்றுதான் பார்க்க வேண்டும். கேள்வியிலேயே பெயரும் இடமும் இருந்தால், களைத்தவன் அதையே திருப்பிச் சொல்வான். கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்று தெரிய ஒலி, ஒளிப்பதிவு வேண்டும். அதே ரகசியச் சிறைகளில் இருந்த அபூ சுபைதா, அல் நஷிரி இருவரது விசாரணை நாடாக்களும் இருந்தன, மொத்தம் 92. சிஐஏ அவற்றை 2005 நவம்பரில் அழித்துவிட்டது.

இந்தச் சோதனையைச் செய்தவர்கள் அரசுக்குள்ளேயே இருந்தார்கள். அமெரிக்கா பிடித்து எகிப்துக்கு அனுப்பிய கைதி இப்னு அல் ஷேக் அல் லிபி, அல் கொய்தாவுக்கு ஈராக் ரசாயன, உயிரியல் ஆயுதப் பயிற்சி கொடுத்ததாகச் சொன்னார். உதவிய ஈராக்கியர் யார், என்ன பொருள், எந்த இடம் என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. அதனால் அவர் வேண்டுமென்றே திசைதிருப்புகிறார் என்று பாதுகாப்புத் துறையின் உளவுப் பிரிவு 2002 பிப்ரவரியிலேயே எழுதியது. யார் கேட்டார்கள்? ஓராண்டு கழித்து, 2003 பிப்ரவரி 5 அன்று, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா.வில் அதே கதையைச் சொன்னார். 2004 ஜனவரியில் லிபி தன் கூற்றை வாபஸ் வாங்கினார். 50 சென்டிமீட்டர் சதுரப் பெட்டியில் 17 மணி நேரம் அடைத்து வைத்திருந்தார்களாம். அதற்குள் ஈராக் மீதான படையெடுப்பு நடந்து முடிந்திருந்தது.

ரகசியச் சிறை வாக்குமூலம் நீதிமன்றத்தில் நிற்காது என்று அரசுத் தரப்புக்கும் தெரியும். அதனால்தான் 2007இல் எஃப்பிஐயின் ‘சுத்தமான குழு’ குவாண்டனாமோவுக்கு வந்து, அடி உதை இல்லாமல், அதே ஆட்களிடம் அதே கேள்விகளைப் புதிதாகக் கேட்டது. சிக்கல் என்னவென்றால், கைதிக்கு எதிரே இருப்பவர் எந்தத் துறை என்பது பொருட்டல்ல. தவறான பதில் சொன்னால் என்ன நடக்கும் என்று பல ஆண்டுகள் பழகிய உடல் அது. 2023இல் நஷிரியின் வாக்குமூலத்தையும், 2025 ஏப்ரலில் முகமதுவின் உடன்பிறந்தவர் மகன் அம்மார் அல் பலூச்சியின் வாக்குமூலத்தையும் ராணுவ நீதிபதிகள் இதே காரணத்தால் தள்ளினார்கள். செப்டம்பர் 11 விமானக் கடத்தல்காரர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து பலூச்சி அனுப்பியதாகச் சொல்லப்படும் பணத்தின் வங்கிப் பதிவுகளோ, அவர் பிடிபடுவதற்கு முன்பே எஃப்பிஐயிடம் இருந்தன.