கில்கார்வனும் ஜாக்கி ஹீலி-ரேயும்

அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்திலுள்ள கில்லார்னிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏரியையும் மலையையும் பார்த்துவிட்டு, ரிங் ஆஃப் கெர்ரி சாலையை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் கார்க் நகரத்துக்குப் போகும் பெரிய சாலையைப் பிடித்துக் கிழக்கே வந்து, லூ பிரிட்ஜில் வலப்பக்கம் திரும்பினோம். மலைகளுக்கு நடுவே ரஃப்டி ஆறு ஓடும் பள்ளத்தாக்கில் இருக்கிறது கில்கார்வன். ஒரே ஒரு நீளத் தெரு, சர்ச், சில பப்புகள், ஒரு பெட்ரோல் பங்க். முன்பு கென்மேர் வரை போன ரயில் இங்கே நின்றது. 1960 பிறந்தபோது அந்தப் பாதையையும் மூடிவிட்டார்கள்.

இவ்வளவு சின்ன ஊரைத் தேடிப் போனதற்குக் காரணம் ஜாக்கி ஹீலி-ரே என்ற அரசியல்வாதி. அயர்லாந்து அரசியலைக் கொஞ்சம் கவனிக்கிறவர்களுக்கும் அந்த டார்ட்டன் கட்டம் போட்ட தொப்பி நினைவிருக்கும். 1931ல் இந்த மலைப்பக்கத்துச் சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பப் நடத்தினார், மண் தோண்டும் இயந்திரங்களை வாடகைக்கு விட்டார், இளமையில் நடனக் கச்சேரிகளில் சாக்ஸபோன் வாசித்தார். ஃபியானா ஃபாயில் கட்சிக்காக ஊர் ஊராக அலைந்து தேர்தல் வேலை பார்த்தார். 1973 முதல் கெர்ரி கவுன்டி கவுன்சில் என்ற மாவட்ட மன்றத்தில் உறுப்பினர்.

1997 பொதுத்தேர்தலில் அதே கட்சி அவருக்கு சீட் கொடுக்கவில்லை. அப்போது வயது 66. அதோடு வீட்டில் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சுயேச்சையாக நின்று, மூன்றே பேரைத் தேர்ந்தெடுக்கும் தெற்கு கெர்ரி தொகுதியில் ஜெயித்தார். நடுப்பகலில் வயிறாரச் சாப்பிடுகிற சாதாரண ஜனங்களின் ஆள் நான் என்று டப்ளின் தொலைக்காட்சிக்குச் சொன்னார். காலையிலிருந்து வயலிலும் தொழுவத்திலும் வேலை செய்கிறவனுக்கு மதியச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடு. கெர்ரிக்காரர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த வெற்றிக்கு எடை கொடுத்தது எண்ணிக்கை. நாடாளுமன்றமான டாயிலில் 166 இடங்கள். பிரதமராகவிருந்த பெர்ட்டி அஹெர்னின் ஃபியானா ஃபாயிலுக்கு 77, கூட்டணிக் கட்சிக்கு 4. மீதி ஆதரவைச் சுயேச்சைகளிடம்தான் கேட்க வேண்டும். ஜாக்கி ஆதரவு கொடுத்தார், பதிலுக்குத் தொகுதிக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கினார். முதலில் கேட்டது ரோடு.

அது ஏன் என்பது இந்தப் பக்கம் வண்டி ஓட்டினால் தெரியும். மெயின் ரோட்டை விட்டு ஒரு கிளைச்சாலையில் ஏறினோம். இருபுறமும் வேலிச்செடி காரின் கண்ணாடியை உரசுகிறது, நடுவில் புல் முளைத்திருக்கிறது. எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். கெர்ரியில் மழை ஓய்வதில்லை. ரோட்டோர வாய்க்காலைத் தூர் வாராவிட்டால் தண்ணீர் தாரின் ஓரத்தை அரிக்கும், அடுத்த குளிர்காலத்தில் பள்ளம் விழும். அந்தப் பாதையின் முடிவில் ஒரே ஒரு வீடு, அதில் ஒரு முதியவர் என்றால், ஆம்புலன்ஸ் வருமா வராதா என்பதே அந்த வாய்க்காலைப் பொறுத்தது. இதையெல்லாம் ‘பள்ளத்து அரசியல்’ என்று நகரத்தில் கேலி செய்தார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிக்கவில்லை. ஒரு ஊரின் ரோடு, டாயிலில் யாருக்கு எத்தனை ஓட்டு குறைகிறது என்பதைப் பொறுத்திருப்பது தவறுதான். ஆனால் அது ஆட்சி செய்தவர்களின் தவறு. கதவு திறந்தபோது உள்ளே போய்க் கேட்ட மனிதரை அதற்காகப் பழிக்க மாட்டேன்.

அவருடைய மகன் டேனியின் குடும்பம் நடத்தும் பப்பில் மதியம் உட்கார்ந்தோம். பக்கத்து மேசைப் பெரியவர், தன் அம்மாவின் பென்ஷன் சிக்கலுக்கு ஜாக்கியே நேரில் வந்ததைச் சொன்னார். எந்த நாற்காலியில் உட்கார்ந்தார், தேநீருக்கு எத்தனை சர்க்கரை என்பதுவரை அவருக்கு ஞாபகம் இருந்தது.

2002லும் 2007லும் ஜாக்கி மறுபடி ஜெயித்தார். பொருளாதாரம் சரிந்து மக்கள் கொதித்த காலத்திலும் அரசின் சிக்கன பட்ஜெட்டுகளுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். அங்கே எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. அந்த பட்ஜெட்டுகளின் அடி விழுந்தது அவருடைய ஜனங்கள் மேலும்தான். கென்மேருக்கு ஒரு புது மருத்துவமனை வேண்டும் என்று விடாமல் கேட்டதும் அதே மனிதர்தான்.

2011ல் அவர் ஒதுங்க, மகன் மைக்கேல் அந்த இடத்தைப் பிடித்தார். 2014 டிசம்பரில் ஜாக்கி காலமானார். 2016ல் கெர்ரி ஐந்து இடங்கள் கொண்ட ஒரே தொகுதியானது. இங்கே வாக்காளர் 1, 2, 3 என்று வரிசை போட்டு ஓட்டளிப்பார். ஜெயிக்கத் தேவையானதற்கு மேல் விழுந்த வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். மைக்கேலுக்கு முதல் விருப்ப வாக்குகளே 20 ஆயிரத்தைத் தாண்டின. அந்த உபரி வாக்குகள் அண்ணன் டேனிக்கும் கைகொடுக்க, இருவரும் டாயிலுக்குப் போனார்கள். அடுத்த தலைமுறை கவுன்டி கவுன்சிலில் இருக்கிறது. 2025ல் மைக்கேல் வேளாண் துறையில் வனத்துக்கான இணை அமைச்சர் ஆனார்.

போக நினைப்பவர்கள் வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள், பஸ்ஸை நம்ப முடியாது. கில்கார்வனிலிருந்து மேற்கே கென்மேர் கால் மணி நேரம்தான். ஜாக்கி கேட்ட மருத்துவமனை அங்கே நடந்துகொண்டிருக்கிறது.