எம்-பெசா: சூட்சுமம் முகவரின் கல்லாவில்

கென்யாவில் சஃபாரிகாம் என்ற தொலைபேசி நிறுவனம், போன் வழியே பணம் அனுப்பும் எம்-பெசா சேவையை 2007 மார்ச்சில் தொடங்கியது. சாதாரண பட்டன் போன் போதும், வங்கிக் கணக்கு வேண்டாம். இதனால் சுமார் 1,94,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து மீண்டதாக, பொருளாதார அறிஞர்கள் தவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. பலரும் அந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது, ரொக்கத்தை வாங்கிக்கொண்டு போனில் மின்பணம் ஏற்றித் தரும், மின்பணத்தை வாங்கிக்கொண்டு ரொக்கம் தரும் முகவர் கடையை.

முகவரிடம் இரண்டு இருப்பு வேண்டும்: கல்லாவில் ரொக்கம், போனில் மின்பணம். வாடிக்கையாளர் 1,000 ஷில்லிங் கட்டினால் முகவரின் மின்பணம் 1,000 குறையும், ரொக்கம் அவ்வளவு கூடும். எடுத்தால் நேர்மாறு. நைரோபியில் உழைப்பவர் ஊருக்குப் பணம் அனுப்புகிறார். அதனால் நகரத்துக் கடையில் மின்பணம் தீரும், கிராமத்தில் ரொக்கம் தீரும். அப்போது கிராமத்து முகவர் கடையைப் பூட்டிவிட்டு, வங்கி உள்ள டவுனுக்குப் போயாக வேண்டும். வண்டிச் செலவும் அன்றைய வியாபார நஷ்டமும் கமிஷனைத் தின்றுவிடும். வழிப்பறி பயம் வேறு. "நாளைக்கு வாங்க" என்று இரண்டு தடவை சொன்னால், மூன்றாம் தடவை ஆள் வரமாட்டார்.

மளிகைக் கடையே முகவராக இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். அரிசி, சர்க்கரை விற்ற காசு மாலைக்குள் கல்லாவில் சேரும், அதையே எடுத்துக் கொடுக்கலாம். எம்-பெசாவை மட்டும் நம்பிக் கடை போட்டவருக்கு அந்த வசதி கிடையாது.