பாதை போவதற்குள்

வயதான நோயாளிகளை அவர்கள் வீட்டில் நின்று பராமரிப்பதைத் திருகோணமலையில் ‘ஆள் பார்க்கிற வேலை’ என்றுதான் சொல்வார்கள். விளம்பரம் எதுவும் கிடையாது. ஒரு வீட்டில் பார்த்ததை அந்த வீட்டு மச்சாள் இன்னொரு வீட்டில் சொல்லுவா, அங்கிருந்து போன் வரும். எடுத்தவுடன் ‘இரவும் நிப்பீங்களோ?’ என்பார்கள், பிறகு ‘சமைப்பீங்களோ?’ நோயைப் பற்றிக் கடைசியில்தான் வாய் திறப்பார்கள்: ‘அம்மாவுக்குக் கொஞ்சம் அறளை.’ அறளை என்றால் முதுமையில் வரும் மறதி நோய், டிமென்ஷியா. வெறும் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு எழும்பிப் போவதும் அந்தக் கொஞ்சத்தில் அடங்கும், பெற்ற மகளைக் கள்ளி என்று தும்புத்தடியால் துரத்துவதும் அடங்கும். போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த வேலைக்கு வரமுன் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. டிமென்ஷியா உள்ளவரைச் சுற்றி அவருக்குப் பழக்கமான சாமான்களை வையுங்கள் என்றார்கள். கலியாணப் படம், பழைய கதிரை, அவர் நட்ட மரம். நல்ல புத்திமதிதான், சொந்த வீட்டிலேயே கிழண்டிப்போன ஆட்களுக்கு. எங்கள் மாவட்டத்தில் 1983 கலவரம், 1990 சண்டை, பிறகு 2004 சுனாமி என்று ஓடி ஓடிச் சீவித்த சனத்திடம் கலியாணப் படத்துக்கு எங்கே போவது? பழைய கதிரை எரிந்துவிட்டது, மரம் இப்போது ஆருடைய வளவில் நிற்கிறதோ. அதனால் இங்கே ஆள் பார்க்க வருகிறவளுக்கு மருந்துச் சீட்டு வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, பழைய ஊரும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பாலையூற்றில் நான் பார்க்கும் அம்மம்மாவின் ஊர் கிண்ணியாப் பக்கத்து ஆலங்கேணி. தொண்ணூறில் வெளிக்கிட்டவர், பிறகு அங்கே குடியிருக்கவில்லை. காலையில் பிரச்சினை இல்லை, பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் இருப்பார். பின்னேரம் வெயில் சரியத் தொடங்கினால் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பிவிடுவார்.

“பிள்ளை, கெதியா வா. பாதை போயிடும்.”

வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும்: பாதை என்றால் வாகனங்களையும் சனத்தையும் ஏற்றிக் கடல்நீரைத் தாண்டுகிற மிதவை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கத்துச் சனம் ரவுணுக்கு வந்து போனது அதில்தான். கடைசிப் பாதையை விட்டால் இரவு இந்தக் கரையில்தான் கிடக்க வேண்டும். அந்தப் பதற்றம் அம்மம்மாவின் உடம்பில் இன்னும் இருக்கிறது.

மகள் பாவம், சரியானதைத்தான் சொல்லுவா. “அம்மா, இதுதான் உங்கட வீடு. பாதை எல்லாம் எப்பவோ நிப்பாட்டியாச்சு, பாலம் போட்டாச்சு.” ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் அதைக் கேட்ட கணமே அம்மம்மாவின் முகம் மாறும், தன்னை ஆரோ பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று முடிவெடுத்துவிடுவார். பிறகு படலையை உலுப்புவதும் அயலட்டையைக் கூப்பிடுவதுமாக இரவு எட்டு மணி ஆகும்.

நான் சின்ன வயதில் அந்தப் பாதையில் போயிருக்கிறேன், அது உதவியது.

“சனம் கூடவோ, அம்மம்மா?”

“கூடத்தான். லொறி வேற நிக்குது.”

“அங்கால கூட்டிக்கொண்டு போக ஆர் வருவினம்?”

“ஐயா வருவார். லாம்போட நிப்பார்.”

அவ்வளவு நேரமும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவருக்கு ஐயாவைக் காக்க வைக்கக் கூடாது என்பதுதான் கவலை. அதன் பிறகு ஐயாவைப் பற்றியே கேட்டேன். என்ன வயல், எத்தனை மாடு, ஆருக்கு அடி கூட விழும். கதைக்கும்போதே சுளகையும் கொஞ்ச அரிசியையும் மடியில் வைத்துவிடுவேன். என் பேர் அவருக்குத் தெரியாது, காலையில் சாப்பிட்டதும் தெரியாது. சுளகு கைக்கு வந்தால் போதும், தவிடு ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், அரிசி ஒரு மணி நிலத்தில் விழாது. இடையில் என் பக்கம் திரும்பி, “உனக்குப் புடைக்கத் தெரியாது போல” என்று ஒரு குத்தல் வேறு. அல்சைமர் என்ற டிமென்ஷியா வகையில் புதிய நினைவைப் பதிகிற இடம்தான் முதலில் பழுதாகும். கைப்பழக்கம் மூளையில் வேறு இடங்களில் தங்குகிறபடியால் நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

“அப்ப நீங்க அவவுக்குப் பொய் சொல்லுறீங்களோ, அக்கா?” என்று மகள் ஒருநாள் கேட்டா. இல்லை. ‘பாதை இப்ப வரும், இருங்கோ’ என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் படலையடியில் போய் நின்று பார்த்துக்கொண்டிருப்பார், வராவிட்டால் நான் கள்ளி. பாதையைப் பற்றிக் கதைக்கிறேன், அவ்வளவுதான்.

கதை மட்டும் காணாது, வேலையும் இருக்கிறது. இருட்டு விழுமுன்பே வீட்டு லைற் எல்லாம் போட்டுவிட வேண்டும். மங்கல் வெளிச்சத்தில் நிழல் ஆள்போலத் தெரியும், கறுப்புக் கால்மிதி குழிபோலத் தெரியும். பகல் நித்திரையைக் குறைக்க வேண்டும். பின்னேரத் தேத்தண்ணியை நேரத்தோடு கொடுத்துவிட வேண்டும். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது இந்த வீடுகளில் பின்னேரங்கள் எப்படி இருந்தன என்று ஆரும் கேட்கவில்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் சுவரெல்லாம் ஆட்கள்.

இன்னொரு வீடு கோட்டைக்குக் கிட்ட. அந்த ஐயாவுக்கு லூயி பொடி என்ற டிமென்ஷியா வகை. இல்லாத பிள்ளைகளும் மிருகங்களும் கண்முன் அச்சாகத் தெரிவது அந்த வகையின் அடையாளம். மனக்குழப்பத்துக்கு வழக்கமாகப் போடும் ஹலோபெரிடோல் போன்ற மருந்துகள் இவர்களை மோசமாக முடக்கிவிடலாம், ஆகவே எந்த டொக்டரிடம் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்ல வேண்டும். ஒருநாள் ஐயா என்னைக் கூப்பிட்டு, “முத்தத்தில மான் நிக்குது, துரத்து” என்றார். மருமகள் குசினியிலிருந்து, “அது ஒண்டும் இல்ல, மாமா” என்று குரல் கொடுத்தா. நான் எட்டிப் பார்த்தேன். மான்தான், கொம்போடு நின்று செவ்வரத்தையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கோட்டையிலும் ரவுணிலும் புள்ளிமான் அலைகிற ஊரில் இருந்துகொண்டு, எட்டிக்கூடப் பார்க்காமல் ‘ஒண்டும் இல்ல’ என்று சொல்லலாமா? ஐயாவுக்கு அன்று முழுக்க என்மேல் மதிப்பு.

அதே ஐயா ஒருமுறை ஓரிரு நாளில் தலைகீழாக மாறினார். முதல்நாள் வரை தானாகச் சாப்பிட்டவர் பிளேட்டைத் தள்ளுகிறார், அரைக்கண்ணில் கிடக்கிறார், இரவில் ஆரோடோ சண்டை. ‘வருத்தம் கூடிட்டுது போல’ என்றார்கள் வீட்டில். டிமென்ஷியா மாதக்கணக்கில் இறங்குகிற சாமான், ஓரிரு நாளில் இப்படிச் சரிந்தால் வேறு ஏதோ இருக்கிறது. மூத்திரம் மணத்தது, காய்ச்சல் இல்லை. வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே மூத்திரக் கிருமித் தொற்று வரும், மூளைதான் முதலில் குழம்பும். காட்டி மருந்து எடுத்ததோடு ஆள் பழைய நிலைக்கு வந்தார். மலச்சிக்கலும், தண்ணீர் காணாமல் போவதும் இதே வேலையைச் செய்யும். சளிக்கென்று ஃபார்மசியில் வாங்கிக் கொடுக்கிற பிரிட்டோனும் குழப்பத்தைக் கூட்டும், அது எல்லா வீட்டு அலுமாரியிலும் இருக்கிறது.

வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். காசு அனுப்புவதே அவர்கள்தான், குறை சொல்ல மனம் வராது. ஆனாலும் வட்சப்பில் முகம் தெரிந்தவுடன் “அம்மா, நான் ஆர் சொல்லுங்கோ?” என்று சோதனை வைப்பதை நிறுத்தினால் புண்ணியமாகப் போகும். தாய் தடுமாறுவா, பிள்ளை அங்கே அழும், போனை வைத்தபின் இங்கே ஒரு மணித்தியாலம் நான் ஆளைத் தேற்ற வேண்டும். ‘அம்மா, நான் கனடாவில இருந்து ரஞ்சன்’ என்று தானே பேரைச் சொல்லித் தொடங்கினால் என்ன குறைந்துபோகும்?

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. அதுவும் சண்டை பிடித்து வாங்கினதுதான். இரவு பகலாக நிற்கிறவளுக்கு நித்திரை வேண்டும் என்பது பல வீடுகளில் யோசிக்கிற விஷயமே இல்லை. பாலையூற்று வீட்டுக்கு அன்றைக்கு ஒரு பெடிச்சி வருகிறா. கெட்டிக்காரி, பிரஷர் பார்ப்பா, கஞ்சியை நிமிர்த்தி வைத்துப் பக்குவமாகப் பருக்குவா. பாலம் வந்த பிறகு விவரம் தெரிந்த பிள்ளை, பாதையைக் கண்டதில்லை. ஆகவே ஒரு கொப்பியில் எல்லாம் எழுதி வைத்தேன். ஐயாவின் பேர், லாம்பு, மாடுகள். தம்பியின் பேரை எடுக்கக் கூடாது, தொண்ணூறில் போனவர், கேட்டால் அன்றுதான் செத்த மாதிரி அழுவார். கோயில் வெடி கேட்டால் கட்டிலுக்குக் கீழே போவார், இழுக்காமல் பக்கத்தில் போய் இருக்க வேண்டும்.

பெடிச்சி முழுக்க வாசித்துவிட்டுத் திங்கள் காலையில் கேட்டா, “அக்கா, பாதையில பஸ்சும் ஏறுமோ? அம்மம்மா கேட்டவ, நான் முழிச்சுப்போனன்.”

“ஏறும்” என்றேன். “பஸ் ஏறேக்க சனம் இறங்கி நிக்க வேணும். அதையும் எழுது.”