ரெண்டேகால் பனியன்

எங்கள் முதலாளிக்கு முற்றுப்புள்ளி என்றாலே ஆகாது. வாக்கியத்தை முடித்துவிட்டால் எதிராளி பேச ஆரம்பித்துவிடுவான் என்று ஒரு பயம் போலிருக்கிறது. திருப்பூரில் பல வருடமாக பனியன் கம்பெனி நடத்துகிறார். நூல் விலை ஏறினாலும் இறங்கினாலும் அசராத மனிதர். ஆனால் வெளிநாட்டு பையருக்கு அவர் எழுதும் மெயில் 'டியர் சார்' என்று கிளம்பினால் 'தேங்க்ஸ் அண்ட் ரிகார்ட்ஸ்' வரைக்கும் ஒரே வாக்கியம்தான். மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் ஒரு காமா.

அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் போட்டால் இப்படி இருக்கும்: "சாம்பிள் நேற்றே கூரியரில் போட்டாச்சு, உங்கள் கமெண்ட் வரவில்லை, துணி டையிங்கில் இருக்கிறது, இங்கே பலத்த மழை, ஷிப்மெண்ட் தேதியை ஒரு வாரம் தள்ளித் தரவும், வீட்டில் அனைவரும் நலமா, கழுத்து ரிப் மாற்ற வேண்டுமா, உடனே பதில் தேவை,"

அந்தக் கடைசி காமாவுக்குப் பிறகு நேராகக் கையெழுத்து.

ஹாம்பர்க்கில் இருக்கும் ஜெர்மனிக்கார பையர் பதில் போட்டார். "நலம். ரிப் மாற்ற வேண்டாம்." அவ்வளவுதான். மழைக்கும் குடும்ப நலத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அந்த 'ஒரு வாரம்' அவர் கண்ணில் படவே இல்லை. பின்னால் ஷிப்மெண்ட் தாமதமானபோது "நான்தான் அன்னிக்கே எழுதுனேனே" என்று இவரும், "எங்கே எழுதினீர்கள்?" என்று அவரும். நான் டாகுமெண்டேஷன் செக்‌ஷன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பேங்க் பேப்பர் எல்லாம் என் பாடு. பழைய மெயிலைத் தோண்டி எடுத்து, அந்த ஏழு எட்டு வார்த்தைக்கு மஞ்சள் அடித்து அனுப்புவதும் என் பாடுதான்.

"சார், கேட்க வேண்டியதைத் தனி வாக்கியமாக் கேட்டுட்டு ஒரு புள்ளி வெச்சிருங்க சார்" என்றேன்.

"ஏப்பா, திருவள்ளுவர் காமா போட்டா எழுதுனாரு?"

நியாயமான கேள்வி. ஓலைச்சுவடியில் காமாவும் கிடையாது, முற்றுப்புள்ளியும் கிடையாது. மெய்யெழுத்தின் மேல் வைக்கிற புள்ளியைக்கூட ஓலை கிழியும் என்று விட்டுவிடுவார்கள். அச்சு வந்த பிறகுதான் இந்தக் குறிகளெல்லாம் தமிழுக்குள் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தன் உரைநடை நூல்களில் ஒழுங்காகப் போட்டுக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு மாத்திரை நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் முதலாளி முதல் மாத்திரையோடு ஸ்கூலை விட்டு வந்துவிட்டார். தவிர, வள்ளுவர் ஹாம்பர்க்குக்கு டி-ஷர்ட் ஏற்றுமதி செய்யவில்லை. இதை நான் மனசுக்குள்தான் சொல்லிக்கொண்டேன். சம்பளத் தேதி பக்கத்தில் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் ரெண்டேகால் பனியன் விவகாரம் வந்தது.

ஜெர்மனியில் புள்ளியும் காமாவும் நமக்கு நேர் எதிர். ஆயிரத்து ஐநூறை 1.500 என்று எழுதுவார்கள். இரண்டு யூரோ முப்பத்தைந்து சென்ட் என்றால் 2,35. பர்ச்சேஸ் ஆர்டரில் சைஸ் வாரியாக ஒரு டேபிள் வந்தது: எஸ் 1.500, எம் 2.250, எல் 2.250, எக்ஸ்எல் 1.000. மொத்தம் ஏழாயிரம் பீஸ். புதிதாகச் சேர்ந்த தம்பி அதை அப்படியே எடுத்து எக்ஸெலில் ஒட்டினான். நம்ம ஊர் செட்டிங்கில் இருக்கிற எக்ஸெலுக்கு ஹாம்பர்க்கைப் பற்றி என்ன கவலை? ஒன்றரை, இரண்டேகால், இரண்டேகால், ஒன்று. கூட்டிப் பார்த்து ஏழு என்றது. தம்பி கட்டிங் ஷீட் பிரிண்ட் எடுத்துக் கீழே அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் கட்டிங் மாஸ்டர் பேப்பரோடு மேலே வந்தார். பெரியவர். கோபப்படவே மாட்டார். அதுதான் பயமாக இருக்கும்.

"ஏன் கண்ணு, எஸ் சைஸ் ஒண்ணரை பீஸுன்னு போட்டிருக்குது. அந்த அரைக்குக் கை வெக்கோணுமா, வேண்டாமா?"

தம்பி முழித்தான்.

"சரி, அது போகட்டும். எம் சைஸ் ரெண்டேகால். கால் பீஸுன்னா கழுத்து மட்டும் வெட்டுனாப் போதுங்களா? டெய்லருங்க கேக்கறாங்க, பீஸ் ரேட்டுல கால்தான் வருமா, இல்ல கழுத்துக்கு முழுசாக் குடுப்பீங்களான்னு."

ஆபீஸே சிரித்தது. ஆனால் எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அதே எக்ஸெலில் அடுத்த ஷீட்டில் துணிக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பீஸுக்கு 150 கிராம் என்று வைத்து, ஏழு பீஸுக்கு 1.050 கிலோ. அந்த ஷீட் ஏற்கெனவே நிட்டிங்காரருக்கும் போயிருந்தது, பையருக்கும் போயிருந்தது. நிட்டிங்காரர் போன் செய்து, "ஒரு கிலோ அம்பது கிராமுக்கு மெஷின் ஏத்தச் சொல்றீங்களா, இல்ல வீட்டுல கைப்பின்னல் போட்டுக் குடுத்துரட்டுங்களா?" என்றார். ஹாம்பர்க்கிலிருந்தோ, 'கணக்கு சரி, தொடரலாம்' என்று மெயில் வந்திருந்தது. ஏழாயிரம் பீஸுக்கு ஆயிரத்து ஐம்பது கிலோ. அதை அவர்கள் எழுதுகிற லட்சணம் 1.050 தானே! திருப்பூரில் தப்பாக இருந்த ஒரு ஷீட் ஜெர்மனியில் போய் இறங்கியதும் சரியாகிவிட்டது. பாஸ்போர்ட் இல்லாமல் இவ்வளவு தூரம் முன்னேறியது அந்த ஷீட் மட்டும்தான்.

நாம் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் யூரோவுக்கும் லட்சக் கணக்கில்தான் காமா போடும். 1,25,000.00 என்று இன்வாய்ஸ் போனதும் அங்கிருந்து அக்கவுண்ட்ஸ் பெண் கேட்டாள்: '25-க்குப் பின்னால் ஒரு இலக்கம் விட்டுப்போய்விட்டதா?' லட்சம் என்றால் என்ன என்று விளக்கி ஒரு மெயில் போட்டேன். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியாது. அடுத்த இன்வாய்ஸுக்கும் அதே கேள்வி வந்தது. சுவிட்சர்லாந்தில் ஆயிரத்துக்குக் காமாவுமில்லை புள்ளியுமில்லை, மேலே ஒற்றை மேற்கோள் மாதிரி ஒரு கீற்று போடுவார்கள். 2003இல் எடை அளவுகளுக்கான உலக மாநாட்டில் இதைப் பேசித் தீர்க்க உட்கார்ந்தவர்கள், தசமத்துக்குப் புள்ளியும் வைக்கலாம் காமாவும் வைக்கலாம், இலக்கங்களைப் பிரிக்க இரண்டும் வேண்டாம், இடைவெளி விடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்கள். நம்ம ஊர்ப் பஞ்சாயத்திலும் தீர்ப்பு இப்படித்தான் வரும்.

பேங்க் கதை தனி. எல்.சி வந்தது; பையருக்காக அவருடைய பேங்க் பணத்துக்குக் கொடுக்கும் உறுதிக் கடிதம். தொகை போட்டிருந்த இடத்தில் 'யூரோ 45800,' என்று காமாவோடு நின்றது. இப்போது தம்பி உஷாராகிவிட்டான் அல்லவா? பேங்குக்கே போன் போட்டு, "சார், காமாவுக்கு அப்புறம் ஏதோ விட்டுப்போச்சு, மீதி எங்கே?" என்று கேட்டுவிட்டான். மீதி ஒன்றும் இல்லை. பேங்குக்கு பேங்க் அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் மெசேஜில் தசமத்துக்குக் காமாதான். சென்ட் கணக்கே இல்லாவிட்டாலும் அந்தக் காமா இருந்தே ஆக வேண்டும். பேங்க் அதிகாரி பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். வைக்கும்போது மட்டும், "தம்பி, உங்க முதலாளி மெயிலும் இப்படித்தான் முடியும், அதுக்கு என்னிக்காவது போன் பண்ணீங்களா?" என்று கேட்டாராம்.

எல்.சி பேப்பரில் எழுத்துப்பிழையைக்கூட பேங்க் மன்னிக்கும். 'மெஷின்' என்பதில் ஒரு எழுத்து மாறினால் அர்த்தம் கெடாது, விட்டுவிடலாம். மாடல் 321ஐ 123 என்று அடித்தால் விடாது. இதெல்லாம் சர்வதேச வர்த்தக சபை வெளியிட்ட நடைமுறைத் தொகுப்பில் இருக்கிறது. அதன் 2013 பதிப்பில் காமாவுக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு: துறைமுகப் பெயர்களை வரிசையாகக் காமா போட்டு எழுதினால், அதில் ஏதாவது ஒன்று போதுமா, எல்லாமும் வேண்டுமா என்று குழப்பம் வரும், பார்த்து எழுதுங்கள் என்று. உலகத்து பேங்கர்கள் எல்லாம் கூடிக் கவலைப்பட்ட ஒரு குறி என்றால் சும்மாவா?

இதை முதலாளியிடம் சொன்னேன். அசையவில்லை. சரி, காசுக் கணக்கில் சொன்னால்தான் ஏறும் என்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பால் கம்பெனிக் கதையை எடுத்துவிட்டேன். அங்கே யாருக்கெல்லாம் ஓவர்டைம் கிடையாது என்று சட்டத்தில் ஒரு பட்டியல். பதப்படுத்துவது, உலர்த்துவது, சேமிப்பது என்று காமா காமாவாகப் போய், கடைசியில் 'அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பேக் செய்வது' என்கிற மாதிரி முடிகிறது. ஆங்கிலத்தில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மெண்ட்' என்பதற்குப் பின்னால் ஒரு காமா இருந்திருந்தால் விநியோகம் தனி வேலை. காமா இல்லை. "நாங்கள் விநியோகம்தான் செய்கிறோம், பேக் செய்யவில்லை, எடுங்கள் ஓவர்டைமை" என்று டிரைவர்கள் வழக்குப் போட்டார்கள். 2017இல் அப்பீல் கோர்ட் டிரைவர்கள் பக்கம் சாய்ந்தது. அடுத்த வருடம் கம்பெனி 50 லட்சம் டாலருக்கு சமாதானம் பேசியது. அந்த மாநிலத்துக்காரர்கள் பிறகு சட்டத்தைத் திருத்தி, காமா இருந்த இடத்திலெல்லாம் அரைப்புள்ளி போட்டுவிட்டார்கள்.

"அம்பது லட்சம் டாலரா? ஒரு காமாவுக்கா?" முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து அவர் காமாவை உப்பு மாதிரி அள்ளித் தூவ ஆரம்பித்தார். விட்டால்தானே கேஸ்? அடுத்த ஆர்டருக்கு டையிங் புரோகிராமை அவரே அடித்தார்: ரெட், நேவி, ப்ளூ, வைட். டையிங் மாஸ்டர் போனில் வந்தார். "லேப் டிப் கலர் சாம்பிள் மூணுதானுங்க அப்ரூவல் ஆச்சு. ஷீட்டுல நாலு கலர் இருக்குது. அந்த நாலாவது ப்ளூ எந்த ப்ளூங்க?" நேவிக்கும் ப்ளூவுக்கும் நடுவில் விழுந்த ஒரு காமாவால் இல்லாத கலர் ஒன்று பிறந்திருந்தது. நல்லவேளை, கேட்டார். கேட்காமல் சாயத்தொட்டியில் இறக்கியிருந்தால் அந்த ப்ளூவை ஆபீஸ் முழுக்க நாங்கள்தான் யூனிஃபார்மாகப் போட்டுக்கொண்டிருப்போம்.

"இனிமே காமாவே வேண்டாம்யா. புள்ளிதான்" என்று முதலாளி முடிவெடுத்தார். அவர் முடிவெடுத்தால் எல்லா இடத்திலும்தான். அதுவரை வாட்ஸ்அப்பில் "ஓகே பா, பார்த்துக்கோ," என்று இழுத்துக்கொண்டிருந்தவர் "ஓகே." என்று வெட்டினார். லைன் சூப்பர்வைசர் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். "அண்ணா, சார் எம்மேல கோவமா இருக்காருங்களா? புள்ளி வெச்சுட்டாரு." இது அவர் பயம் மட்டுமில்லை. 2015இல் அமெரிக்காவில் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஒற்றை வார்த்தை பதிலுக்குப் புள்ளி வைத்தால் அது மனசார வந்ததாகப் படவில்லையாம். நம்ம சூப்பர்வைசருக்கு ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை; முகம் வெளுத்துவிட்டது.

அப்புறம் தீபாவளி வந்தது. திருப்பூரில் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் போனஸைத் தவிர வேறு பேச்சு இருக்காது. இந்த முறை ஆர்டர் மந்தம், போனஸ் கிடையாதாம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். முதலாளிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. யாரிடமும் காட்டாமல் தானே நோட்டீஸ் அடித்து, வருகைப்பதிவு மெஷின் பக்கத்தில் ஒட்டச் சொல்லிவிட்டார். கொட்டை எழுத்தில், இப்படி:

"இந்த வருடம் போனஸ் இல்லை.
என்று பரவும் வதந்தியை யாரும் நம்ப வேண்டாம்."

டீ டைமில் ஒட்டினார்கள். முதல் வரியைப் படித்தவர்கள் இரண்டாவது வரிக்குப் போகவே இல்லை; திரும்பி உள்ளே போய்ப் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டார்கள். டீ முடிந்தும் பவர் டேபிளில் ஒரு மெஷின் ஓடவில்லை. ஓவர்லாக் சத்தம் இல்லாத பனியன் கம்பெனி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

முதலாளி படியில் தடதடவென்று இறங்கி வந்தார். "ரெண்டாவது வரியப் படிங்கப்பா!" என்று கத்தினார். யாரும் நகரவில்லை. கடைசியில் நோட்டீஸைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, புள்ளியும் இல்லாமல் காமாவும் இல்லாமல் ஒரே மூச்சில் அவரே படித்துக் காட்டினார். அப்போதுதான் கூட்டம் கொஞ்சம் இளகியது.

"அப்போ எவ்வளவுங்க?" என்றார் செக்கிங் செக்‌ஷன் அக்கா.

"சட்டப்படி குறைஞ்சது எவ்வளவோ அது உண்டும்மா. எட்டு புள்ளி மூணு மூணு சதவீதம்."

அக்கா பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். மெதுவாகக் கணக்குப் போட்டார்.

"நோட்டீஸுல வேண்டாத இடத்துல ஒரு புள்ளி வெச்சீங்கல்லங்க. அதுக்குப் பதிலா இந்தப் புள்ளிய மட்டும் ஒரு நம்பர் தள்ளி வெச்சுருங்க, சரியாப் போயிரும்."